பக்கம் 31, வரி 14

கோலியர்ஸ் வுட்,
12 ஏப்ரல் 2005

அன்புத் தங்கை றோஸ்மலருக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டவுடன் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். செத்தவர் பாப்பரசர்தான். அது உனக்கும் தெரிந்த சங்கதி. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி மரியநாயகிக்கு முழங்கால் நோ, எனக்கு வழக்கம்போல சாமான் கிடங்கில் காலை ஷிப்ட்.

நாங்கள் கதைத்து எட்டு வருடம். அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. 1997இல் நீ வெம்பிளியில் பதிவுத் திருமணம் செய்தபோது நான் வரவில்லை. காரணத்தை அப்போதே சொல்லிவிட்டேன். உன் கணவன் செபரட்ணம் 1990இல் ஊரில் காணாமற்போனவன். செத்தவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கணவன் உயிரோடு இருக்கக்கூடும் என்னும்போது இன்னொருவரைக் கட்டுவதைத் திருச்சபை ஏற்காது. அந்தச் சட்டம் நான் போட்டது அல்ல. இப்போது போய்ச் சேர்ந்திருக்கிற பெரியவரே திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

விடயம் வேறு. டூட்டிங்கில் தமிழ்ப் பூசைக்குக் கூடுகிற நாங்கள் பாப்பரசருக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். அவர் இறந்து முப்பத்தோராம் நாள் மே இரண்டாம் திகதி வருகிறது. அன்று இங்கே பாங்க் விடுமுறை, எல்லோரும் வருவார்கள். முப்பத்திரண்டு பக்கம். முழுவதும் நானே எழுதினேன், கடைசிப் பக்கங்களில் வருகிற இறந்தோர் பட்டியலைத் தவிர. அதைக் கோவில் தாள்களைப் பார்த்து மரியநாயகி சேர்த்தாள். அவரவர் தங்கள் வீட்டில் இறந்தவர்களைப் பாப்பரசரோடு சேர்த்து நினைவுகூரலாம் என்பது என் யோசனை. மலருக்குத் தலைப்பு 'அஞ்சாதேயுங்கள்'. பதவிக்கு வந்த அன்றே அவர் உலகத்துக்குச் சொன்ன வார்த்தை அது.

தட்டச்சு செய்தவருக்கு ரகரம் றகரம் எல்லாம் ஒன்றுதான். நீ யாழ்ப்பாணத்து அச்சகத்தில் ஐந்து வருடம் ஒப்புநோக்கியவள். உன் கண்ணுக்குத் தப்பிய பிழை இல்லை என்று உன் முதலாளியே சொல்வார். அந்த வேலையை மட்டும் கேட்கிறேன். விருப்பமில்லை என்றால் இத்துடன் வருகிற அச்சுப்படியை, அந்தப் புறூவைத் திருப்பி அனுப்பு, மனம் வருந்தமாட்டேன்.

உன் மகள் தக்ஷிகாவுக்கு ஆசி.

அண்ணன்
எட்வேட்


வெம்பிளி,
17 ஏப்ரல் 2005

எட்வேட் அண்ணைக்கு,

புறூவ் கிடைத்தது. மூன்று மத்தியானம் இருந்து பார்த்தேன். சின்னப் பிழைகளை ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். பெரியவற்றை இங்கே எழுதுகிறேன். காரணம் சொல்லாமல் திருத்தினால் நீங்கள் திரும்பவும் பழையபடியே போட்டுவிடுவீர்கள்.

முதலில் பெயர். இரண்டாம் பக்கத்தில் பாப்பரசர், ஐந்தாம் பக்கத்தில் பாப்பாண்டவர், எட்டாம் பக்கத்தில் திருத்தந்தை. வாசிக்கிறவர்கள் மூன்று பேர் செத்துப்போனதாக நினைப்பார்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் 7. 'ஒரே பேச்சால் கம்யூனிச ஆட்சியை வீழ்த்தினார்.' ஒரு பேச்சுக்கு ஒரு அரசு விழாது. போலந்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இருந்தார்கள், சிறை மறியலுக்குப் போனவர்கள் இருந்தார்கள், பத்து வருடமும் போனது. 'சனங்களின் பயத்தை எடுத்துவிட்டார்' என்று எழுதுங்கள். அதுவே பெரிய காரியம்.

பக்கம் 12. இரண்டாயிரமாம் ஆண்டு. 'திருச்சபையின் பழைய தவறுகளுக்காக வருந்தினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வருந்தியதோடு விடவில்லை, மன்னிப்புக் கேட்டார். வருந்துவது வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலை. மன்னிப்புக் கேட்பதற்கு வாசலைத் தாண்ட வேண்டும்.

பக்கம் 18. 1995 தை மாதத்தில் கொழும்புக்கு வந்து 'எம் நாட்டுக்குச் சமாதானத்தைக் கொண்டுவந்தார்.' அவர் வந்தபோது போர்நிறுத்தம் ஏற்கெனவே இருந்தது. அவர் போய் மூன்று மாதத்தில் அதுவும் முறிந்தது. 'சமாதானத்துக்காக வேண்டிக்கொண்டார்' என்பதே சரி. கொண்டுவந்தவருக்கும் வேண்டிக்கொண்டவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பக்கம் 23. விவாகம். முதல் துணை உயிரோடு இருக்க மறுமணம் செய்தவர்கள் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க முடியாது, வாங்குவதென்றால் 'அண்ணன் தங்கை போல' வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கருத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அண்ணன் தங்கை போல என்றால் எங்களைப் போலவா என்று வாசகருக்குச் சந்தேகம் வரும். போன கிழமை இந்த நாட்டு இளவரசரின் இரண்டாம் கலியாணம், பாப்பரசரின் அடக்கத்துக்காக ஒரு நாள் தள்ளிப்போனது. ஒரு நாளோடு சரி. என்னுடைய கலியாணத்திலிருந்து நீங்கள் எட்டு வருடமாகத் தள்ளி நிற்கிறீர்கள்.

பக்கம் 31, வரி 14. இறந்தோர் பட்டியல். பெயர், இறந்த திகதி, நினைவுகூருவோர் என்று மூன்று நிரல். அந்த வரியில் இப்படி இருக்கிறது:

ம. செபரட்ணம், இளவாலை — 27.08.1990 — ஒருவர்.

என் கணவர் செபரட்ணத்தை அவர்கள் கூட்டிக்கொண்டு போனது 16.08.1990 அன்று. இந்தப் பட்டியலில் இருப்பது பதினொரு நாள் பிந்திய திகதி. திகதி பிழையா, ஆள் பிழையா, அல்லது எல்லாம் சரியா?

பதில் வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைப்பேன்.

றோஸ்மலர்


கோலியர்ஸ் வுட்,
20 ஏப்ரல் 2005

அன்புத் தங்கைக்கு,

நேற்றுப் புதுப் பாப்பரசரைத் தெரிவுசெய்துவிட்டார்கள். கிடங்கில் என்னோடு வேலை செய்யும், மறைந்தவரின் நாட்டவனான போலந்துக்காரன் மாரெக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். "இனி எங்கடை ஆள் இல்லை" என்றான். நானும் அதையே நினைத்தேன் என்பது எனக்கே ஆச்சரியம். அந்தப் பெரியவர் எங்கடை ஆளாக எப்போது ஆனார் என்று தெரியவில்லை.

உன் திருத்தங்களுக்கு நன்றி. பாப்பரசர் என்பதையே எல்லா இடத்திலும் போடச் சொல்லிவிட்டேன். பக்கம் ஏழில் நீ சொன்னபடி மாற்றினேன். அதை மாரெக்கிடம் காட்டி இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். அவன் தகப்பன் 1979இல் பாப்பரசர் அங்கே பேசிய அந்தக் கூட்டத்தில் நின்றவராம். "அவர் துவக்கு, குண்டு ஒண்டும் கொண்டு வரேல்லை. பயப்படாதேங்கோ எண்டார். நாங்கள் திரும்பிப் பாத்தால் பின்னாலை லட்சம் பேர் நிக்கினம்" என்று தகப்பன் சொல்வாராம். பிறகு மாரெக் என்னைக் கேட்டான்: "உங்கடை நாட்டுக்கும் வந்தவர்தானே, அங்கை என்ன நடந்தது?" நான் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

பக்கம் 12 பற்றி உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாப்பரசர் மன்னிப்புக் கேட்டது உண்மை. ஆனால் யாரிடம் கேட்டார்? கடவுளிடம். திருச்சபையின் பிள்ளைகள் நூற்றாண்டுக் கணக்கில் செய்த பாவங்களுக்காகப் பூசைக்குள் நின்று கடவுளிடம் கேட்டார். அதை விளங்காதவர்கள், அவர் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டமாதிரி எழுதுகிறார்கள். பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் கடவுளுக்கே உண்டு. மனிதர்களிடம் போய்க் கேட்டால் அவர்கள் அதை எப்படி எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில வேளை பழைய காயம்தான் பெரிதாகும். ஆகவே 'வருந்தி, இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். பக்கம் 18இல் 'வேண்டிக்கொண்டார்' என்று போட்டாயிற்று. பக்கம் 23இல் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன்.

பக்கம் 31இல் இருப்பது வேறு செபரட்ணம். குழப்பம் வேண்டாம் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அச்சுக்குக் கொடுக்க 27ஆம் திகதி கடைசி. கையெழுத்து வைத்து அனுப்பு.

எட்வேட்


வெம்பிளி,
23 ஏப்ரல் 2005

அண்ணைக்கு,

பக்கம் பன்னிரண்டைப் பற்றி ஒரு பந்தி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பக்கம் முப்பத்தொன்றைப் பற்றி இரண்டே இரண்டு வசனம். அச்சகத்தில் எனக்குப் படிப்பித்தது இதுதான்: எழுதியவர் எந்த இடத்தை அவசரமாகத் தாண்டுகிறாரோ அந்த இடத்தைத் திரும்ப வாசி.

வேறு செபரட்ணம் என்கிறீர்கள். வியாழக்கிழமை அப்பர் டூட்டிங் றோட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனேன். வெம்பிளியிலும் முருங்கைக்காய் கிடைக்கும். அண்ணி வியாழக்கிழமைகளில் அங்கே சாமான் வாங்குவார் என்று தெரிந்துதான் போனேன். நான் தந்திரமாக ஒன்றும் கேட்கவில்லை. "பட்டியலிலை செபரட்ணத்தின்ரை பேரைக் கண்டனான்" என்று மட்டும் சொன்னேன். அண்ணி உடனே, "ஓம் பிள்ளை, கொண்ணை ஒவ்வொரு கார்த்திகையும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு எண்டு அந்தப் பேரை எழுதிக் குடுக்கிறவர். நான் போன வருசத்துத் தாளைப் பாத்துத்தான் சேத்தனான். உனக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பாவம், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அவரை ஏசவேண்டாம்.

நானும் கார்த்திகையில் இறந்தவர்களின் பெயர் எழுதிக் கொடுக்கிறவள்தான். அம்மா, அப்பா, சின்னையா. செபரட்ணத்தின் பெயரை ஒருநாளும் எழுதவில்லை. பேனையைத் தூக்குவேன், பிறகு வைத்துவிடுவேன். செத்தவர்களின் பட்டியலில் நான் எழுதினால் நானே அவரைக் கொன்றமாதிரி இருக்கும். பதினைந்து வருடம் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்காமல் இருந்திருக்கிறேன். அதே பதினைந்து வருடமாக நீங்கள் ஒப்புக்கொடுத்திருக்கிறீர்கள், திகதியோடு.

இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். தக்ஷிகாவுக்கு ஜூன் 11 முதல் நன்மை. ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் எழும்பி நன்மைக்குப் போகும்போது நான் காலை மடித்து அவர்களுக்கு வழி விட்டுவிட்டு வாங்கிலேயே குந்தியிருப்பேன். போன மாதம் பிள்ளை இங்கிலீசில் கேட்டாள்: "அம்மா, நீங்க என்ன பிழை செய்தீங்க?"

இங்கத்தைக் கோவில் குருவான பங்குச் சுவாமியோடு கதைத்தேன். செபரட்ணம் இறந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுத்தில் சாட்சி கொடுத்தால், ஆயர் இல்லத்தில் விசாரித்து அதை ஏற்றுக்கொள்ளலாமாம். அதன் பிறகு எங்கள் விவாகத்தைக் கோவிலில் நடத்தலாம், நான் நன்மை எடுக்கலாம். ஜூனுக்கு முன் முடியாது என்றும் சொன்னார். பரவாயில்லை. தொடங்கினாலே போதும்.

என் கணவர் பாலசுப்பிரமணியனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலேசியாவில் முருகன் கோவில் தைப்பூசத்தோடு வளர்ந்த மனிதர். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு உங்க சட்டமெல்லாம் புரியாது. ஒண்ணு மட்டும் கேக்கிறேன். அவர் செத்துட்டார்னு உங்க அண்ணனுக்கு அப்பவே தெரியும்னா, நம்ம கல்யாணத்தில அவர் கண்ட தப்புதான் என்ன?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

றோஸ்மலர்


கோலியர்ஸ் வுட்,
25 ஏப்ரல் 2005

றோஸ்மலர்,

என்னால் ஏலாது.

நீ நினைக்கிறமாதிரி இது லேசான காரியம் அல்ல. சாட்சி என்றால் எங்கே, எப்போது, யார் என்று எல்லாம் எழுத வேண்டும். இது லண்டன் என்று நீ சொல்வாய். லண்டனில் எங்கள் ஆட்களின் காது எத்தனை கடைவாசலில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஊரில் இன்னும் மரியநாயகியின் சகோதரங்கள் இருக்கிறார்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது?

எனக்குத் தெரிந்ததை நான் கடவுளிடம் சொல்லியிருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன். நீயும் அப்படி நினைக்கப் பழகு.

புறூவை அனுப்பிவிடு. இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

எட்வேட்


வெம்பிளி,
26 ஏப்ரல் 2005

அண்ணைக்கு,

கடவுளிடம் சொல்வது சுகம். அவர் திருப்பிக் கேள்வி கேட்கமாட்டார்.

புறூவ் இத்துடன் வருகிறது. பக்கம் 31 தவிர மற்றவற்றில் கையெழுத்து வைத்திருக்கிறேன். அட்டையில் ஒரு திருத்தம். 'அஞ்சாதேயுங்கள்' என்ற தலைப்பை வெட்டியிருக்கிறேன். தலைப்பில் எழுத்துப்பிழை இல்லை. ஆசிரியருக்குப் பொருந்தவில்லை.

றோஸ்மலர்


கோலியர்ஸ் வுட்,
2 மே 2005

அன்புத் தங்கைக்கு,

இன்று பாப்பரசரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. கோவில் நிறைந்த சனம். மலர் வெளிவரவில்லை. அச்சுக்கு நான் கொடுக்கவில்லை. எங்கே புத்தகம் என்று கேட்டவர்களுக்கு ஒப்புநோக்கி முடியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

உன் கணவரின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன். ஆகவே ஒரே மூச்சில் எழுதுகிறேன், வசனம் பிழைத்தால் பொறுத்துக்கொள்.

செபரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு போன பதினோராம் நாள், திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்தேன். ஒருவன் சைக்கிளில் வந்து "ஒருக்கால் வாங்கோ" என்றான். ஒரு பனங்காணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாயால் மூடியிருந்தது. "வருத்தம் வந்து செத்துப்போனான், இவன் உங்கடை ஆளோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார்கள். முகத்தை வைத்து எனக்குச் சொல்ல முடியவில்லை. கழுத்தில் கயிற்றில் கோத்த மாதா படத் துணி, அந்த உத்தரியம், கிடந்தது. கயிறு அறுந்ததென்று நீ நீலநூல் போட்டுத் தைத்துக் கொடுத்தாயே, அதே நூல். நான் ஓம் என்றேன். அங்கேயே தாட்டார்கள். மண்வெட்டியை என்னிடமும் தந்தார்கள். நானும் மண் தள்ளினேன், றோஸ். வாய்க்குள் பரலோக மந்திரம் சொன்னேன். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் உத்தரியத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அது ஒன்றுதான் அன்று நான் தைரியமாகச் செய்தது.

போகவிடும்போது ஒருவன் சொன்னான்: "வீட்டிலை இதைச் சொன்னியோ, அடுத்தது நீ. அவள் கேட்டால் வேறை இடத்துக்கு மாத்திப்போட்டினம் எண்டு சொல்லு."

அன்று மத்தியானம் நீ குசினி வாசலில் நின்று கேட்டாய். நான் அந்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் உனக்குச் சொன்னேன். "எந்த இடத்துக்கு?" என்றாய். தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகும் மார்கழி வரை நீ சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகாம் வாசலாகத் திரிந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உன் சைக்கிள் ரியூப் காற்றுப் போய்விட்டது. நான்தான் ஒட்டித் தந்தேன், நீ போய்வர வேண்டும் என்று. ஒட்டு காயும்வரை நீ பக்கத்தில் பார்சலோடு நின்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். இந்தப் பதினைந்து வருடத்தில் வேறு எதை மறந்தாலும் அந்தக் கால்மணித்தியாலத்தை மறக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகு என்ன பயம் என்று கேட்பாய். 1997இல் நீ வந்து "அண்ணை, அவர் இல்லை எண்டு எனக்கு மனசிலை படுது, பாலா நல்ல மனிசன், என்ன செய்ய?" என்று கேட்டாய். நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஓம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். ஏழு வருடம் ஏன் மறைத்தாய் என்று அதற்கடுத்த கேள்வி வரும். அதனால் பாப்பரசரை இழுத்துவந்து முன்னுக்கு நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் விவாகத்தின் புனிதத்தைக் காக்கச் சொன்னதை, நான் என் பொய்யைக் காக்கப் பயன்படுத்தினேன். உன் கணவரிடம் சொல்: உங்கள் கலியாணத்தில் நான் கண்ட தப்பு ஒன்றுமில்லை.

கார்த்திகையில் மட்டும் என்னால் முடியவில்லை. உன்னிடம் அவன் உயிரோடு இருப்பதாக நடிக்கலாம். கடவுளிடம் அப்படி நடித்தால் அவனுடைய ஆத்துமாவுக்கு யார் மன்றாடுவது? ஆகவே பெயரும் திகதியும் எழுதினேன். நினைவுகூருவோர் என்ற இடத்தில் என் பெயரைப் போடப் பயந்து 'ஒருவர்' என்று எழுதினேன். பட்டியலை மரியநாயகி சேர்த்தபோது, பெயர்கள்தானே என்று நான் வாசித்துப் பார்க்கவில்லை. பாப்பரசரைப் பற்றி எழுதிய முப்பது பக்கத்தையும் பத்துத் தரம் வாசித்தேன்.

இன்று பூசை முடிந்து சனம் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம், சுவாமியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இங்கிலீசில் எழுதினார். நான்கு பக்கம். யார் என்ற கேள்விக்கும் பதில் சொன்னேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை. யாரும் பிரித்துப் பார்த்துவிடுவார்களோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பாப்பரசர் சொன்னபடி அஞ்சாமலிருக்க எனக்கு வரவில்லை. அஞ்சிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். பிரதி ஒன்று உன் பங்குச் சுவாமிக்குப் போகிறது.

பக்கம் பன்னிரண்டில் நீ சொன்னது சரி. வாசலைத் தாண்ட வேண்டும். உத்தரியத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை. உன் வாசலுக்கு வர நீ விட்டால் கொண்டுவருவேன். விடாவிட்டாலும் உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

என்னை மன்னி.

எட்வேட்


வெம்பிளி,
12 ஜூன் 2005

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஆறு கிழமையாகப் பதில் எழுதவில்லை. முதல் இரண்டு கிழமை உங்களை வெறுத்தேன். அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. மூன்றாம் கிழமை சைக்கிள் ரியூப் நினைவுக்கு வந்தது. எனக்கு அந்த நாள் மறந்தே போயிருந்தது. உங்களுக்கு மறக்கவில்லை என்பதை வாசித்தபோது அழுதேன். யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு செபரட்ணத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். பாலா ஒன்றும் கேட்காமல் வேலைக்கு லீவு போட்டு என்னோடு வந்து, எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்.

தக்ஷிகாவின் முதல் நன்மைத் திகதியை பாலா உங்களுக்குப் போனில் சொன்னது எனக்குத் தெரியாது. நேற்றுக் கோவிலில் கடைசி வாங்கில் உங்களையும் அண்ணியையும் கண்டேன். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு முன்னுக்குப் போனாள். எல்லோரும் எழும்பினார்கள். நான் வழமைபோலக் காலை மடித்து வழி விட்டேன். ஆயர் இல்லத்துப் பதில் வர இன்னும் மாதக்கணக்கு ஆகுமாம். ஆனால் எதற்காக வாங்கில் இருக்கிறேன், எதுவரை இருப்பேன் என்று நேற்று எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணி போனார். திரும்பிப் பார்த்தேன். நீங்கள் எழும்பவில்லை. ஒரு ஞாயிறும் நன்மை எடுக்கத் தவறாத மனிதர் நீங்கள். அந்தப் பெரிய கோவிலில் நானும் நீங்களும் மட்டும் வாங்கில் மிஞ்சியமாதிரி இருந்தது.

பூசை முடிய நீங்கள் எனக்காக நிற்காமல் போனது நல்லது. என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. நீங்கள் பாலாவின் கையில் கொடுத்துவிட்ட உத்தரியத்தை அவர் வீட்டுக்கு வந்து தந்தார். நீலநூல் வெளிறிப்போயிருக்கிறது. முடிச்சு என்னுடையதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். மலரைக் கார்த்திகைக்கு அடியுங்கள். இறந்தோரின் மாதம், அதுவே பொருத்தம். கடைசித் திருத்தங்கள்:

அட்டை. நான் வெட்டிய தலைப்பின் கீழே சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். அச்சகத்தில் அதற்கு 'வெட்டியது பிழை, இருக்கட்டும்' என்று அர்த்தம்.

பக்கம் 12. 'இறைவனிடம்' என்று நீங்கள் சேர்த்தது சரியான தகவல். அதுவும் இருக்கட்டும்.

பக்கம் 31, வரி 14. எடுத்த வரியைத் திரும்பப் போடவும். பெயர் சரி. திகதி சரி. மூன்றாம் நிரலில் 'ஒருவர்' என்பதை நீக்கிவிட்டு இப்படிப் போடவும்:

மனைவி றோஸ்மலர், மைத்துனர் எட்வேட்.

உரிமையோடு மச்சான் என்று போடவேண்டாம். அதற்கு இன்னும் கொஞ்சக் காலம் ஆகும்.

பக்கம் பார்த்து முடிந்தது. கையெழுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை
றோஸ்மலர்